கிளை ரயில் பாதைகளின் நலிவும் விவசாயியின் செலவும்

கனடா தேசத்தின் மேற்குப் பாகத்திலுள்ள மானிடோபா, ஸாஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களும் கோதுமை விளைச்சலுக்குப் பெயர்போனவை. கப்பலேற்றும் துறைகளாகிய வான்கூவரும் தண்டர் பேயும் அங்கிருந்து நெடுந்தூரத்தில் உள்ளன. ஆகையால் அந்நாட்டு விவசாயிக்கு ரயிலின்றி விற்பனை இல்லை. குதிரை வண்டியில் தானியம் கொண்டுபோய் அன்றே வீடு திரும்பத்தக்க தூரத்தில் நிலையங்கள் அமையுமாறு, ஆதியில் கிளைப் பாதைகள் நெருக்கமாகப் போடப்பட்டன. நிலையந்தோறும் மரத்தாலான உயர்ந்த தானியக் களஞ்சியங்கள் எழுந்தன. 1933-ல் அவற்றின் தொகை 5,758. இன்று சில நூறு களஞ்சியங்களே எஞ்சியுள்ளன.

இம்மாறுதலின் காரணம் கவனிக்கத்தக்கது. 1897-ல் கனடா சர்க்கார் ஒரு ரயில்வே கம்பெனிக்கு மானியம் அளித்து, அதற்குப் பதிலாகத் தானியக் கட்டணத்தைக் குறைக்கச் செய்தது. 1925-ல் அக்கட்டணம் சட்டத்தினால் உறுதி செய்யப்பட்டது. விவசாயிகளுக்கு இது பெரிய அநுகூலமே. ஆயினும் பிற்காலத்தில் கூலியும் சாமான்களின் விலையும் ஏறியபோது, தானியம் ஏற்றுவதில் நஷ்டமே என்று கருதிய கம்பெனிகள் கிளைப் பாதைகளில் பணம் போடத் தயங்கின.

பாதை நலிவது படிப்படியாகவே. உளுத்த ஸ்லீப்பர் கட்டைகள் மாற்றப்படுவதில்லை. வண்டியின் வேகம் குறைக்கப்படுகிறது. வண்டி வருவதும் அரிதாகிறது. 1972 முதல் சர்க்கார் வாங்கிக் கொடுத்த பெரிய தானிய வாகன்களை, எடை குறைந்த பழைய தண்டவாளங்களின் மீது முழுப் பாரத்துடன் செலுத்த இயலவில்லை. காத்திருந்து அலுத்த விவசாயிகள் லாரியில் தானியத்தை வேறு நிலையத்திற்குக் கொண்டு செல்கின்றனர். பிறகு, சரக்கு இல்லை என்னும் காரணத்தாலேயே பாதையை மூட விண்ணப்பம் செய்யப்படுகிறது.

பழைய கட்டணச் சட்டம் 1983-ல் மாற்றப்பட்டது. அதன்பின் சர்க்கார் அளித்துவந்த உதவித் தொகையும் 1995 ஆகஸ்டில் நின்றது. முக்கியப் பாதைகளின் ஓரத்தில் பெரிய கான்கிரீட் களஞ்சியங்கள் எழ, கிளைப் பாதைகள் பல பெயர்க்கப்பட்டன. கம்பெனிக்குச் செலவு மிச்சமாயிற்று. லாரிச் சத்தமோ விவசாயியின் தலையில் விழுந்தது. ரஸ்தாக்களைப் பழுதுபார்க்கும் பாரம் ஸ்தல ஸ்தாபனங்களைச் சேர்ந்தது. பாதையினின்றும் களஞ்சியங்களினின்றும் அவற்றுக்குக் கிடைத்துவந்த வரியும் போயிற்று.

எனினும் விமோசனத்திற்கு ஒரு வழி உண்டு. 1996-ம் வருஷத்துச் சட்டப்படி, கைவிட எண்ணும் பாதைகளைக் கம்பெனி முன்கூட்டியே வெளியிட வேண்டும். ஓட்ட முன்வருவோருக்கு விற்க முயல வேண்டும். அவ்வாறு விற்பனையாகாவிடில், பழைய இரும்பும் நிலமும் பெறக்கூடிய நிகர விலைக்கு மிகாமல் சர்க்காருக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் அளிக்க முன்வர வேண்டும். தென்மேற்கு ஸாஸ்காட்சுவானில் 2004-ல் விவசாயிகளும் ஸ்தல ஸ்தாபனங்களும் பங்கு சேர்த்து, 'கிரேட் வெஸ்டர்ன்' என்னும் சிறு ரயில்வேயைத் தாமே வாங்கினர். விவசாயி தானே வாகன் கேட்டுப் பெற்று, களஞ்சியக்காரரின் தயவின்றித் தானியம் ஏற்றும் உரிமையும் அந்நாட்டுச் சட்டத்தில் உண்டு. இத்தகைய சிறு பாதைகளுக்கு அது நல்ல ஆதரவாகும்.

இதனால் அறியத்தக்கது யாதெனில், பாதை மூடப்படும் நாளில் எழுப்பும் கூக்குரலால் பயன் சொற்பம். வேகம் குறையும்போதே விசாரித்தல், தத்தம் நிலையத்தில் ஏறும் மூட்டைகளுக்கு வருஷாவருஷம் கணக்கு வைத்தல், அக்கம்பக்கத்துக் கிராமங்கள் ஒன்றுகூடி மனுச் செய்தல் ஆகிய இவையே காலத்தில் செய்யத்தக்கவை. ஒருமுறை பெயர்த்தெடுத்த தண்டவாளத்தை மீண்டும் போடுதல் மிக அரிது.