கை மரத்துப்போதல்

தேவிகுளம், பீர்மேடு, நெல்லியாம்பதி மலைகளில் கொழுந்தும் ஏலமும் பறிக்கும் நம்மவர், கை மரத்தால் குளிரென்று எண்ணித் தைலம் தடவி இருந்துவிடுகின்றோம்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் மரத்து, உதறினால் தெளியுமாயின், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருத்தல் கூடும். துயிலும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை நலந்தரும். பிடி தளர்ந்தாலோ, பெருவிரலடித் தசை மெலிந்தாலோ, ஒரு நாட்கூலி போயினும் மருத்துவரைக் காண்போமாக. நீரிழிவையும் சோதித்தல் வேண்டும்.

தோலில் உணர்வற்ற வெளிர்திட்டு காணின் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் 6 முதல் 12 மாத இலவச மருந்தால் அது குணமாகும், நாணவேண்டுவதில்லை.

திடீரென ஒருபக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறின் பக்கவாதமாகலாம். இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்துதல் வேண்டும். நம் மலைப்பாதையோ நெடிது. விடியட்டுமென்று காத்திராது உடனே புறப்படுவோமாக.