மீஸான் எதற்கு? மையவாடி இயங்கும் விதம்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று அம்பாறைக் கரையோரத்தில் எந்த ஊர் மையவாடிக்குள், முஸ்லிம்களின் அடக்கத்தலத்துக்குள், போனாலும் காட்சி ஒன்றுதான். வரிசையாக மணல் மேடுகள், தலைமாட்டில் மீஸான் கட்டைகள். பெயர் எழுதாத கட்டைகள் நிறைய. சில உப்புக் காற்றில் உளுத்துச் சாய்ந்திருக்கும். வெளியூர்க்காரர் பார்த்தால் கவனிக்க ஆளில்லையோ என்று நினைப்பார். உண்மையில் அங்கே பிசகாத ஓர் ஒழுங்கு இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ளக் கலியாண வீட்டுச் சஹனை நினைத்தால் போதும். அடுப்படியில் சோறும் இறைச்சிக் கறியும் இறங்கியதும் பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, கறிகளை வைத்து, பாயின் நடுவே கொண்டுவந்து வைப்பார்கள். சுற்றி ஐந்தாறு பேர் அமர்வார்கள். கடை முதலாளியும் கரைவலை இழுப்பவரும் தோளோடு தோள் உரச இருப்பார்கள். தட்டில் கோடு கிழித்திருக்காது. ஆனாலும் அவரவர் தமக்கு முன்னால் இருப்பதைத்தான் எடுப்பார். அடுத்தவர் பக்கம் கை போகாது. எழுந்ததும் சஹன் கழுவப்பட்டு அடுத்த பந்திக்குப் போகும். பொதுத் தட்டு, சமமான இருக்கை, எல்லை தாண்டாத கை, அடுத்த பந்தி: மையவாடியின் சட்டங்கள் எல்லாமே இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

1. தட்டு பொதுவானது

மையவாடி பள்ளிவாசலின் பொறுப்பில் உள்ள பொதுநிலம். மௌத்துச் செய்தி ஒலிபெருக்கியில் வந்ததும் வேலைகள் தாமாகவே பிரிந்துவிடும். ஒரு பக்கம் மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிடுவார்கள்: ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. மறுபக்கம் கபுறு வெட்ட ஆட்கள் போவார்கள். தொழுகை முடிந்து சந்தூக்கில் ஜனாஸா வந்து சேரும்போது குழி தயாராக இருக்கும். சஹனில் எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அங்கே அமர்வதைப் போல, வரிசையில் எந்த இடம் காலியோ அதுதான் வந்தவரின் இடம். செல்வாக்கைப் பார்த்து மேட்டிடமோ மரநிழலோ ஒதுக்குவதில்லை.

2. எல்லார் முகமும் ஒரே பக்கம்

இலங்கையிலிருந்து, தொழும் திசையான கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. மையித்தை வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கிப்லாவைப் பார்க்க வைக்க வேண்டும். அப்படி வைத்தால் தலை வடக்கே, கால் தெற்கே வரும். அதனால்தான் நம் கரையோர மையவாடிகளில் கபுறுகள் வடக்குத் தெற்காக நீண்டு, கடலுக்கு முதுகு காட்டிக் கிடக்கின்றன. பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் மேட்டைப் பார்த்தே தலைமாடு எது, கால்மாடு எது என்று ஒரு சிறுவனால்கூடச் சொல்ல முடியும்.

3. மணலில் குழி

ஷாபி மத்ஹபின் சட்டப்படி மண் கெட்டியாக இருந்தால் குழியின் கிப்லாப் பக்கச் சுவரைக் குடைந்து, அந்தப் பொந்தில் மையித்தை வைப்பது சிறப்பு. அதற்கு லஹது என்று பெயர். கரையோர மணலைக் குடைந்தால் சரிந்துவிடும். இப்படிப்பட்ட மண்ணுக்கு மத்ஹபிலேயே இன்னொரு முறை இருக்கிறது: குழியின் அடியில், நடுவே இன்னொரு பள்ளம் வெட்டி, அதில் மையித்தை வைத்து மேலே பலகை அடுக்குவது. பலகைதான் இங்கே முக்கியம். மேலே கொட்டும் மணல் மையித்தின் மீது விழாமல் அது தாங்குகிறது. பிறகு கூடியிருப்பவர்கள் தலைமாட்டுப் பக்கம் நின்று மும்மூன்று பிடி மண் போடுவார்கள். குழி மூடியதும் லெவ்வை இறந்தவருக்கு நினைவூட்டும் தல்கீன் ஓதுவார்.

4. மேடும் மீஸானும்

மேடு ஒரு சாண் உயரம் இருந்தால் போதும். இங்கே ஒருவர் இருக்கிறார், மிதிக்காதே, தோண்டாதே என்று அறிவிக்கத்தான் அந்த ஒரு சாண்.

மீஸானின் வேலையும் அதுவே. மதீனாவின் பகீஃ மையவாடியில் உத்மான் பின் மள்ஊன் (ரலி) அடக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஒரு கல்லைக் கொண்டுவரச் சொன்னார்கள். போனவரால் அதைத் தூக்க முடியவில்லை. நபியவர்கள் தாமே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். சகோதரரின் கபுறை அடையாளம் காணவும், குடும்பத்தில் மௌத்தாகிறவர்களை அருகே அடக்கவும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அந்தக் கல்லில் புகழுரை இல்லை. சஹனில் ஒருவர் அமர்ந்திருப்பதே அந்தப் பக்கம் அவருடையது என்பதற்குப் போதுமான அடையாளம், மீஸானும் அவ்வளவுதான்.

5. எல்லை தாண்டாத கை

விலக்குகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. கபுறின் மேல் உட்காராதே, சாயாதே, மிதித்து நடக்காதே. சுண்ணாம்போ சீமெந்தோ பூசாதே. மேலே கட்டடம் எழுப்பாதே. முதல் மூன்றும் உயிரோடிருப்பவர் இறந்தவர் பக்கம் கை நீட்டாமல் தடுக்கின்றன. மற்ற இரண்டும் இறந்தவரின் பெயரால் பணக்காரக் குடும்பம் பொதுத் தட்டில் கூடுதல் இடம் பிடிக்காமல் தடுக்கின்றன.

இறைநேசர்களான அவுலியாக்களின் அடக்கத்தலங்கள் பற்றி ஊருக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதே கரையில்தான் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் ஆண்டுதோறும் கொடி ஏறுகிறது. அவர்கள் அடங்கியிருப்பது கடலுக்கு அப்பால், நாகூரில். உடல் இல்லாத இடத்திலும் நினைவு வாழும் என்பதற்கு அந்தக் கொடியே சாட்சி.

6. அடுத்த பந்தி

மையித்து முழுதாக மண்ணாகும் வரை கபுறைத் திறக்கக் கூடாது. மண்ணான பின் அதே இடத்தில் இன்னொருவரை அடக்கலாம். எலும்பு தென்பட்டால் மரியாதையாக ஒதுக்கி வைத்து மூட வேண்டும். மரக்கட்டை உளுத்துப் போவது இந்த ஒழுங்குக்கு இசைந்ததே. சீமெந்தில் கட்டிய கபுறோ பந்தி முடிந்தும் எழாமல் இருக்கிறது. வீட்டுக்கு வீடு சுவர் முட்டும் கல்முனையில் அது பிடித்திருப்பது பின்னால் வருகிறவர்களின் இடம்.

சீனர்களின் கல்

சிங்கப்பூர், மலேசியச் சீனர்களின் மரபுவழிக் கல்லறைகள் வேறு கணக்கில் இயங்குகின்றன. பின்னால் குன்று, முன்னால் திறந்த வெளி அல்லது நீர் என்று ஒவ்வொரு கல்லறைக்கும் ஃபெங்சுயி பார்த்துத் திசை குறிப்பார்கள். நல்ல இடம் சந்ததிக்கு வாழ்வு தரும் என்பது நம்பிக்கை. கணவரின் கல்லிலேயே உயிரோடிருக்கும் மனைவியின் பெயரையும் சிவப்பில் பொறித்து வைத்து, அவர் இறந்த பின் நிறத்தை மாற்றுவதுண்டு. அதனால் உயிருள்ளவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவதே பலருக்கு ஆகாது. ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங் நாளில் குடும்பமாகப் போய்ப் புல் செதுக்கி, உணவு படைப்பார்கள். அங்கே கல் குடும்பத்தின் ஏடு. இங்கே மீஸான் ஓர் எல்லைக்குறி மட்டுமே. ஆனால் கபுறை மிதிக்காதே என்பது இரு பக்கமும் ஒன்றுதான். இடப் பற்றாக்குறையும் பொதுவே: சிங்கப்பூரில் 1998 முதல் எந்தச் சமயத்தவருக்கும் அடக்கக் காலம் 15 ஆண்டுகள்தான்.

ஒழுங்கு உடைந்த நாட்கள்

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. ஒரே குழியில் பலரை அடக்க வேண்டி வந்தது. தனி மேடும் தனி மீஸானும் வைக்க அவகாசமில்லை. இருந்தாலும் மண் கிடைத்தது, துஆவும் கிடைத்தது.

2020இல் அதுவும் பறிக்கப்பட்டது. கொரோனாவில் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கி ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி இறுதிவரை எரிப்பு தொடர்ந்தது. அதன் பின்னும் ஊர் மையவாடி மறுக்கப்பட்டது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முஸ்லிம்களும் பிற சமயத்தவருமாக 3,600க்கு மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்தது. எரிக்கப்பட்டவர்களுக்கு அந்த மன்னிப்பு ஒரு கபுறைத் தந்துவிடாது.

மீஸான் இல்லாமலும் கபுறு கபுறுதான். மண் இல்லாமல் கபுறே இல்லை. நம் அக்கறை போய்ச் சேர வேண்டிய இடத்தை இதிலிருந்தே அறியலாம். நம் கரையோர மாளிகைக்காட்டில் கடலரிப்பு மையவாடி வரை வந்திருக்கிறது. வாப்பாவின் தலைமாட்டுக்குப் பளிங்குக் கல் வாங்க எடுத்துவைத்த காசு இருந்தால், மையவாடிச் சுவருக்கும் கடலரிப்பைத் தடுக்கும் கருங்கல்லுக்கும் கொடுங்கள். வாப்பாவையும் அவர் பக்கத்தில் பெயரில்லாமல் கிடப்பவரையும் அது ஒன்றாகக் காக்கும்.