நலிந்த நிறுவனங்களின் மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

உடலுக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். கால்நடைக்கு நோய் வந்தால் கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். ஆயிரம் பேருக்குச் சோறு போடும் ஒரு தொழில் நிறுவனம் நலிந்து படுத்துவிட்டால் யாரை அழைப்பது?

இந்தக் கேள்விக்கு விடையாக உலகெங்கும் ஒரு தொழிலே உருவாகியிருக்கிறது. நொடித்துப்போகும் நிலையிலுள்ள நிறுவனத்துக்குள் ஒருவர் வெளியிலிருந்து வருகிறார். சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ பொறுப்பேற்கிறார். முடிந்தால் நிறுவனத்தை நிமிர்த்துகிறார். முடியாவிட்டால் ஒழுங்காக மூடுகிறார். பிறகு தம் வழியே போய்விடுகிறார். இவரையே 'நெருக்கடி மேலாளர்' என்கிறோம்.

கணிதம் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வணிகவியல் துறை நண்பர்கள் கேட்கக்கூடும். காரணங்கள் இரண்டு. இத்தொழிலின் அடிப்படை கூட்டலும் கழித்தலுமே என்பது ஒன்று. என் தந்தையார் ஒரு நூற்பாலைத் தொழிலாளி என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தைப் பின்னர் விளக்குகிறேன்.

நோயின் அறிகுறிகள்

எந்த நிறுவனமும் ஒரே நாளில் விழுவதில்லை. பஞ்சு கொடுத்த வியாபாரிக்குப் பணம் தள்ளிப்போகும். இயந்திரப் பராமரிப்பு அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஒத்திப்போடப்படும். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்கப்படும். தொழிலாளியின் சம்பளத்தில் வைப்புநிதிக்குப் பிடித்த தொகை உரிய இடத்தில் கட்டப்படாமல் நிற்கும். கணக்குகள் தாமதமாகவே வரும். இவையெல்லாம் காய்ச்சலுக்கு முன் வரும் உடல்வலி போன்றவை.

இங்கே ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நட்டம் வேறு, கையில் பணமில்லாமை வேறு. ஓர் ஆலை பத்து லட்ச ரூபாய் நூலை 90 நாள் தவணையில் விற்கிறது என்று கொள்வோம். பஞ்சுக்கு 15 நாளில் பணம் கட்ட வேண்டும். கூலியை மாதந்தோறும் கொடுக்க வேண்டும். ஏட்டில் பார்த்தால் இலாபம். பெட்டியைத் திறந்து பார்த்தால் காலி. நட்டத்தில் ஓடும் நிறுவனம் சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கலாம். சம்பள நாளன்று கையில் பணமில்லாத நிறுவனம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

முதல் வேலை எது?

ஆகவே நெருக்கடி மேலாளர் வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, "இன்று கையில் எவ்வளவு இருக்கிறது?" என்பதே. அடுத்து ஒரு பட்டியல் தயாரிப்பார். அதில் பதின்மூன்று கட்டங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்றாக மூன்று மாதத்துக்கு. ஒவ்வொரு வாரமும் வரக்கூடிய பணம் மேலே, கொடுக்க வேண்டிய பணம் கீழே, மிச்சம் அடியில். எந்த வாரத்தில் மிச்சம் பூச்சியத்துக்குக் கீழே போகிறதோ, அந்த வாரமே நிறுவனத்தின் ஆயுள் முடியும் வாரம். அதைத் தள்ளிப்போடுவதே அவருடைய உடனடி வேலை. எட்டாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்குத்தான். ஆயினும் நலிந்த நிறுவனங்கள் பலவற்றில் இந்தப் பட்டியலை யாரும் போட்டிருப்பதில்லை. போட்டால் வரும் விடையைப் பார்க்க அஞ்சுவதே காரணம்.

பிறகு ஓட்டைகளை அடைக்க வேண்டும். தம் ஒப்புதலின்றி எந்தக் காசோலையும் வெளியே போகக்கூடாது என்பார். வரவேண்டிய பாக்கிகளை வசூலிப்பார். பயன்படாத நிலத்தையும், கிடங்கில் தேங்கிய சரக்கையும் விற்பார். இது முதலுதவி மட்டுமே.

அடுத்து நோயின் மூலத்தைக் காண வேண்டும். தொழில் நன்றாக இருந்து கடன் மட்டும் மிகுந்திருந்தால், கடன்காரர்களுடன் பேசித் தவணையை நீட்டலாம். ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யச் சொல்லலாம். விளைவிக்கும் பொருளையே மக்கள் வாங்கவில்லையென்றால் கடனைக் குறைத்துப் பயனில்லை. தொழிலையே மாற்ற வேண்டும், அல்லது மூட வேண்டும்.

இதற்காக அவர் நான்கு தரப்பினரைச் சந்திக்க வேண்டும். அவர்கள் வங்கிகள், சரக்கு கொடுப்போர், வாடிக்கையாளர், தொழிலாளர். ஒவ்வொரு தரப்பும் மற்றவர் முதலில் விட்டுக்கொடுக்கட்டும் என்றே காத்திருக்கும். ஒரு வங்கி பணத்தைத் திருப்பிக் கேட்டால் மற்ற வங்கிகளும் ஓடிவரும். இந்த நால்வரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது பணத்தால் முடிவதன்று. அவர் கையில்தான் பணமே இல்லையே! அவர் சொல்லும் கணக்கு உண்மையானது என்ற நம்பிக்கையால் மட்டுமே அது முடியும். எனவே நெருக்கடி மேலாளரின் முதல் வேலை உண்மையைக் கண்டுபிடித்து, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரியாகச் சொல்வது என்பேன். இதற்கு இரண்டு சான்றுகள் காட்டுகிறேன்.

ஐதராபாத்தில் நடந்தது

2009 ஜனவரி 7ஆம் நாள், ஐதராபாத்தின் சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். நிறுவனத்தின் ஏட்டில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்பதே அக்கடிதத்தின் முக்கியச் செய்தி. ஏறத்தாழ 53,000 பேர் அப்போது அங்கே வேலை செய்தனர். கையில் இருப்பது எவ்வளவு என்ற முதல் கேள்விக்கே ஆண்டுக்கணக்கில் பொய் விடை சொல்லப்பட்டிருந்தது.

மத்திய அரசு சில நாட்களுக்குள் பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமைத்தது. கிரண் கார்னிக், தீபக் பரேக் முதலியோருடன், சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காயர் டி.என். மனோகரனும் அதில் இடம்பெற்றார். அரசு பணத்தைக் கொட்டி நிறுவனத்தைக் காக்கவில்லை. புதிய குழுவினர் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியை வசூலித்தனர். வங்கிகளிடம் 600 கோடி ரூபாய் கடன் ஏற்பாடு செய்தனர். ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தனர். ஏலம் நடத்தி ஏப்ரல் 13ஆம் நாள் பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் என்ற விலையில் டெக் மகிந்திரா நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தனர். கடிதம் வெளிவந்து நூறு நாள் ஆவதற்குள் இவ்வளவும் முடிந்தன. 2013இல் அந்நிறுவனம் டெக் மகிந்திராவுடன் இணைந்துவிட்டது.

எல்லோரும் தப்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. விற்பனைக்குப் பின் ஆயிரக்கணக்கான ஊழியர் குறைந்த ஊதியத்தில் வேலையின்றிக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஆனால் நிறுவனம் பிழைத்தது.

ஜப்பானில் நடந்தது

2010 ஜனவரியில் ஜப்பான் விமான நிறுவனம் சுமார் 2.3 லட்சம் கோடி யென் கடனுடன் நீதிமன்றத்தை நாடியது. பிப்ரவரியில் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் கசுவோ இனாமோரி என்னும் பெரியவர். அப்போது அவருக்கு வயது 78. விமானத் தொழிலில் முன் அனுபவம் கிடையாது. 1959இல் கியோசெரா என்னும் பீங்கான் பொருள் நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்தவர். இப்பணிக்குச் சம்பளம் வேண்டாம் என்றார்.

ஒவ்வொரு விமானப் பயணத்துக்கும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பது உடனுக்குடன் தெரியும்படி அவர் கணக்கு முறையை மாற்றினார். நிறுவனத்தைச் சிறு சிறு பிரிவுகளாக்கி, அந்தந்தப் பிரிவின் கணக்கு அதில் உழைப்பவர்களுக்கே தெரியுமாறு செய்தார். மேலிடத்தில் பூட்டிவைத்த கணக்கு ஊழியரின் கைக்கு வந்தது. 2012 செப்டம்பரில் அந்நிறுவனம் மீண்டும் டோக்கியோ பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஊழியரில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது சுமார் 16,000 பேர், வெளியேற நேர்ந்தது. ஓய்வுபெற்றோரின் ஓய்வூதியமும் குறைக்கப்பட்டது. 2010 டிசம்பர் 31ஆம் நாள் பணிநீக்கம் செய்யப்பட்ட 165 விமானிகளும் விமானப் பணியாளரும் நெடுங்காலம் போராடினர். மருத்துவர் ஓர் உறுப்பை அகற்றி உயிரைக் காப்பாற்றுவது போன்றது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அகற்றப்பட்டதும் உயிருள்ள ஒரு மனிதனின் வாழ்வு என்பதை மறந்துவிடக்கூடாது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் முன்பு இதற்கு வேறு வழி இருந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக நலிந்த 103 துணி ஆலைகளை அரசே எடுத்துக்கொண்டு தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்படைத்தது. பிறகு 1985இல் நலிந்த தொழில் நிறுவனங்களுக்கென ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த வாரியம் 1987இல் பணியைத் தொடங்கியது. நிறுவனத்தின் சொந்த மூலதனம் முழுவதும் கரைந்த பிறகே அவ்வாரியத்தின் கதவு திறக்கும். கடைசி மூச்சில் வரும் நோயாளிக்கு மருத்துவர் என்ன செய்ய இயலும்? வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. இயந்திரங்கள் துருவேறின.

2016இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் வந்து நிலைமையை மாற்றியது. கடனைக் கட்டத் தவறிய நிறுவனத்தின்மீது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். மனு ஏற்கப்பட்டால், இயக்குநர்களின் அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டு, 'தீர்வு வல்லுநர்' என்பவரிடம் நிறுவனம் ஒப்படைக்கப்படும். நெருக்கடி மேலாளருக்குச் சட்டம் கொடுத்த உருவம் இவர். அந்தக் காலத்தில் கடன்காரர் எவரும் வழக்குத் தொடுக்கவோ சொத்தைப் பறிக்கவோ முடியாது. அவர் நிறுவனத்தை ஓட்டிக்கொண்டே, அதை ஏற்று நடத்தத் தக்கவரைத் தேட வேண்டும். இதற்கு முதலில் 180 நாள் கெடு. தேவையானால் மேலும் 90 நாள். வழக்குகளில் கழியும் காலத்தையும் சேர்த்து 330 நாட்களுக்குள் முடிய வேண்டும் என்று 2019இல் திருத்தம் செய்தார்கள். நடைமுறையில் பல வழக்குகள் அதையும் தாண்டி நீள்கின்றன. தீர்வு கிடைக்காவிட்டால் சொத்துக்களை விற்று நிறுவனம் கலைக்கப்படும்.

தொழிலாளியின் இடம்

இனி என் இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்த நூற்பாலை, நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது மூடப்பட்டது. அதற்கு முன் சில மாதங்களாகச் சம்பளம் பாதியாக வந்தது, பிறகு வரவில்லை. "அடுத்த வாரம்" என்றே ஒவ்வொரு வாரமும் சொன்னார்கள். ஆலை மூடப்பட்டதைவிட அந்த "அடுத்த வாரம்"தான் தந்தையாரை இன்றும் உறுத்துகிறது. "சம்பளம் இல்லைன்னு மூணு மாசம் முந்தியே சொல்லியிருந்தா வேற மில்லுக்குப் போயிருப்போமே!" என்பார். பதின்மூன்று கட்டப் பட்டியலை யாராவது போட்டு, அதைத் தொழிலாளிக்கும் காட்டியிருந்தால், ஆலை பிழைக்காவிட்டாலும் அறுபது குடும்பங்கள் கந்துவட்டிக்குப் போகாமல் இருந்திருக்கும்.

பின்னர் அந்த ஆலை தீர்ப்பாயத்துக்குச் சென்றது. பாக்கி உள்ளவர்கள் உரிமை கோரலாம் என்ற அறிவிப்பு நாளிதழில் வந்தது. எங்கள் தெருவில் அதை எவரும் கவனிக்கவில்லை. தொழிற்சங்கத்தார் படிவங்களைக் கொண்டுவந்து காட்டிய பிறகே அதன் பொருள் விளங்கியது.

ஆகையால் சட்டம் தொழிலாளிக்குத் தரும் உரிமைகளை நாம் அறிந்திருக்க வேண்டும். தீர்வு வல்லுநர் பொறுப்பேற்றதும் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். உரிமை கோரக் கடைசி நாள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். தொழிலாளர் தனித்தனியாகவோ, ஒரு பிரதிநிதி மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். நிறுவனம் கலைக்கப்பட்டால், அதற்கு முந்திய 24 மாதத்துக்கான தொழிலாளர் பாக்கி, சொத்தை ஈடாகப் பெற்ற கடன்காரருக்குச் சமமான வரிசையில் நிற்கும். வைப்புநிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து வரவேண்டிய தொகையைக் கடன்காரர்களுக்குப் பங்கிடக்கூடாது.

குறையும் உண்டு. நிறுவனத்தின் தலைவிதியை முடிவு செய்யும் கடன்காரர் குழுவில் வாக்கு வங்கிகளைப் போன்ற நிதிக் கடன் கொடுத்தோருக்கே. தொழிலாளிக்கு வாக்கு இல்லை. பணத்தைக் கடனாகக் கொடுத்தவருக்கு உள்ள சொல், உழைப்பைக் கடனாகக் கொடுத்தவருக்கு இல்லை. இது குறித்துப் பொருளியல் துறைப் பேராசிரியர்கள் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

முடிவுரை

தீர்வு வல்லுநராக விரும்புவோர் இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் தேர்வில் வென்று பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டயக் கணக்காயர், வழக்கறிஞர், நிறுவனச் செயலர் முதலியோர் போதிய அனுபவத்துக்குப் பின் இப்பணிக்கு வருகின்றனர். நம் கல்லூரி மாணவர்களுக்கும் இப்பாதை மூடியதன்று. கணக்கறிவு வேண்டும், சட்ட அறிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கசப்பான விடையையும் மறைக்காமல் சொல்லும் துணிவு வேண்டும்.

அத்தொழிலுக்குப் போகாதவர்களும் ஒன்று செய்யலாம். நம்மில் பலருடைய பெற்றோர் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைப்பவர்கள். நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் அறிவிப்பைப் படித்து, கடைசி நாளுக்கு முன் தெருவில் உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்லவும், படிவத்தை நிரப்பிக் கொடுக்கவும் நம்மால் முடியும். படித்த பிள்ளை வீட்டுக்கும் ஊருக்கும் செய்யக்கூடிய வேலை இது. அதற்குப் பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.