பக்கத்து வீட்டு ஆசிரியை

ராஜபாளையத்து நூற்பாலைகளின் ஷிப்டு நேரத்துக்குக் கட்டுப்பட்டும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளின் இரைச்சலுக்கு நடுவிலும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பால் கறந்து ஊற்றியும் ஜீவனம் நடத்துகிற ஸ்திரீகளுக்கு, உத்தியோகஸ்தர் மேடையேறிச் செய்யும் உபதேசத்தைக் காட்டிலும், தம்மோடு குழாயடியில் குடம் வைத்துக் காத்து நின்ற ஒருத்தி சொல்லித்தரும் வித்தையே மனத்தில் பதிகிறது. அவளிடம் சந்தேகம் கேட்க வெட்கமில்லை, "அக்கா, இந்த வட்டியை எப்படிப் போட்டீங்க?" என்று நாலாம் முறை கேட்டாலும் பாதகமில்லை.

1983-இல் ஸ்தாபிதமான தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், 1989-இல் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி ஜில்லாவில் தொடங்கி, பின்னர் மகளிர் திட்டமாக ராஜ்யமெங்கும் பரப்பிய சுய உதவிக் குழுக்களின் அஸ்திவாரமே இதுதான்: 12 முதல் 20 பேர் கூடிச் சேமித்து, தமக்குள்ளேயே கடன் கொடுத்து, தீர்மானப் புத்தகம் எழுதும் அந்தக் குழுவில், அதை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் பயிற்சி பெற்றுவந்து மற்றவர்க்குப் போதிப்பார்கள். அனுபவம் முதிர்ந்தவர்கள், சமுதாய வளப் பயிற்றுநர் என்ற பெயரில், அயலூருக்கே சென்று புதுக் குழுக்களை அமைப்பதும் பிற்பாடு வழக்கமாயிற்று. இதே விதமாக, 1990-களின் துவக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள், தாம் கற்றதைப் பிறருக்கும் பழக்கிவிட்டார்கள். அந்த ஜில்லாவின் சாலைகளில் பெண்கள் சைக்கிளில் செல்வது சகஜமாயிற்று.

இதில் அதிக லாபம் கற்றவளுக்கா, கற்பித்தவளுக்கா என்று கேட்டால், கற்பித்தவளுக்கே என்பேன். கற்றவள் கணக்கெழுதப் பழகுகிறாள். கற்பித்தவளோ தனியே பஸ் ஏறி அந்நிய ஊருக்குப் போகிறாள், பாங்கு மானேஜர் முன் நாற்காலியில் அமர்ந்து பேசுகிறாள், வீட்டிலும் அவள் வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டாகிறது. ஆகையால், எப்போதும் ஒருத்தியே ஊக்குநராயிருந்தால் குழுவுக்குள்ளேயே ஒரு சிறு ஜமீன் முளைத்துவிடும் (நம் ஜனங்களுக்குப் பதவி ருசித்துவிட்டால் விடுவது சிரமம்!); பொறுப்பு முறைவைத்துச் சுற்றிவர வேண்டும்.

சங்கடங்களும் உண்டு. தெருவில் பாதிப்பேர் தையல் கற்றபின் தைக்கத் துணி கொடுப்பார் யார்? மனைவி பெயரில் வாங்கிய கடனைப் புருஷன் செலவழித்தால் எந்தப் பயிற்சி என்ன செய்யும்? இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பி, சமைத்துவைத்துக் கண்ணயர்கிற ஆலைத் தொழிலாளிக்குப் பகல் பதினொரு மணிக் கூட்டத்தால் என்ன பிரயோஜனம்? கூட்டத்தை அவள் ஷிப்டை அனுசரித்து வைப்பதும், கற்பிக்க வருபவளுக்கு அன்றைய கூலி நஷ்டமாகாமல் படி கொடுப்பதும் திட்டம் வகுப்போர் முதலில் செய்யவேண்டிய காரியங்கள்.