விஸ்கிக்கு எந்தக் கிண்ணம்?

மணத்தைக் காட்டுவதும் அதுவே. அளவை மறைப்பதும் அதுவே!

சென்னை சென்டிரலில் இருந்து அரக்கோணம் போகும் மின்சார ரெயிலில் ஏறினால், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே வருகிற ஊர் நெமிலிச்சேரி.

அங்கே மட்டும் அல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு விஷயத்தைக் காணலாம். ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு பாத்திரம் உண்டு.

டீக்கடையில் டீ கொடுப்பது கண்ணாடி கிளாசில். வீட்டில் காபிக்கு டவரா, தம்ளர். பதநீர் என்றால் பனை ஓலையை மடித்துக் கட்டிய பட்டை. கைக்குழந்தைக்குப் பால் புகட்டச் சங்கு.

இதெல்லாம் வீண் ஆடம்பரம் இல்லை. காரணத்தோடுதான் வந்திருக்கிறது. டவராவில் ஆற்றினால் காபியின் சூடு தணியும், நுரை எழும்பும். ஓலைப் பட்டையில் குடித்தால் பதநீரோடு ஓலையின் வாசனையும் சேரும். சங்கில் புகட்டினால் பால் சிறுகச் சிறுக இறங்கும். 

விஸ்கிக்கு மட்டும் இந்த வழக்கம் நம் ஊரில் இல்லை. கையில் கிடைத்த தம்ளர், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு! பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. அங்கே அதற்கென்று தனிக் கிண்ணம் செய்திருக்கிறார்கள். அந்தக் கிண்ணத்தின் கதையைத் தெரிந்துகொள்வது, குடிக்கிறவருக்கும் நல்லது. குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லது.

உயிர் நீர்

ஸ்காட்லாந்தின் பழைய மொழியில் இந்தப் பானத்துக்கு "உயிர் நீர்" என்று பொருள்படும் பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் தேய்ந்து "விஸ்கி" ஆயிற்று.

1494-ம் ஆண்டு ஸ்காட்லாந்து அரசாங்கக் கணக்கில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஜான் கார் என்ற துறவிக்கு, "உயிர் நீர்" காய்ச்சுவதற்காக முளைகட்டிய பார்லி கொடுத்த கணக்கு அது. ஸ்காட்லாந்தில் இந்தச் சரக்கைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுதான்.

பார்லியை ஊறவைத்து முளைகட்டுவார்கள். உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் கலந்து, இனிப்புச் சாறு எடுப்பார்கள். அதைப் புளிக்கவைத்து, செப்புக் கொப்பரையில் காய்ச்சி வடிப்பார்கள். வடித்ததும் அது தண்ணீர் போல நிறம் இல்லாமல் இருக்கும்.

பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி மூடிவைப்பார்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு பீப்பாயில் கிடக்க வேண்டும். அந்த மரத்தில் இருந்துதான் நிறமும் மணமும் இறங்குகின்றன.

நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி இப்படிச் செய்வது அல்ல. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் இருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி, கழிவுப்பாகுச் சாராயத்தை "விஸ்கி" என்று சொல்லி விற்க முடியாது.

பெங்களூர் சரக்கின் பயணம்

ஆனால் முழுக்க முழுக்கப் பார்லியிலேயே காய்ச்சும் விஸ்கியும் நம் அண்டை ஊரில் தயாராகிறது.

1948-ல் பெங்களூரில் தொடங்கிய அம்ருத் மதுபான ஆலை, 2004-ம் ஆண்டு தன் பார்லி விஸ்கியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் விற்பனைக்கு விட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்! ஆனால் ஊசி விலைபோயிற்று. அந்த ஆலையின் "பியூஷன்" என்ற விஸ்கிக்கு, ஜிம் மர்ரே என்ற இங்கிலாந்து ருசி நிபுணர் 2010-ம் ஆண்டுப் பதிப்பில் உலகின் 3-வது இடம் கொடுத்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பீப்பாயில் கிடக்கும் சரக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அதை "தேவதைகளின் பங்கு" என்று சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் தேவதைகள் எடுத்துக்கொள்வது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூர்த் தேவதைகளுக்குத் தாகம் அதிகம்! 10 சதவீதத்துக்கும் மேல் குடித்துவிடுகிறார்கள். அதே வெயிலால் மரத்தின் சாரமும் சீக்கிரம் இறங்குகிறது. அங்கே பல ஆண்டு ஆகும் பக்குவம் இங்கே சில ஆண்டிலேயே வந்துவிடுகிறது.

நாக்கு அல்ல, மூக்கு

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த மணத்தை அறிவது எது? நாக்கு என்று நினைப்போம். அது பாதிதான் உண்மை.

ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்திருக்கும்போது ரசம் சாதம் சாப்பிட்டுப் பாருங்கள். உப்பும் புளிப்பும் தெரியும். பெருங்காயமும் கொத்தமல்லியும் தெரியவே தெரியாது. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகள் மட்டுமே. மற்றதெல்லாம் மூக்கின் வேலை.

விஸ்கியும் அப்படித்தான். அதில் தேன், உலர்ந்த திராட்சை, புகை, மரம் என்று பல வாசனைகள் இருப்பதாக நிபுணர்கள் சொல்வார்கள். அவர்கள் கண்டுபிடிப்பது முகர்ந்துதான். குடிக்கும் அளவு சொட்டுக் கணக்கு.

ஆகையால் விஸ்கிக் கிண்ணத்துக்கு ஒரே வேலைதான். வாசனையை மூக்குக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

அடி பெருத்து, வாய் சிறுத்து

ஸ்காட்லாந்தில் கிளென்கெய்ர்ன் என்ற கண்ணாடிக் கம்பெனி இருக்கிறது. அதை நிறுவிய ரேமண்ட் டேவிட்சன், விஸ்கிக்கென்று ஒரு கிண்ணத்தை வடிவமைத்தார். 2001-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகம் முழுவதும் விஸ்கி ருசி பார்க்கிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

அது எப்படி இருக்கும்? குடம் போல அடிப்பக்கம் பெருத்து, மேலே போகப்போகச் சிறுத்திருக்கும். பெருத்த வயிற்றில் சரக்கு பரந்து நிற்பதால் வாசனை நன்றாக எழும்பும். வாய் குறுகலாக இருப்பதால் அது சிதறாமல் ஒன்றுகூடி மூக்குக்கு வரும். அடி கனமாக இருப்பதால் மேஜையில் கவிழாது.

2015-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். கிண்ணத்தில் இருந்து எழும் சாராய ஆவியைத் தனிக் காமிராவில் படம் பிடித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒயின். வளைந்த ஒயின் கிண்ணத்தில் ஆவி விளிம்பைச் சுற்றி வளையம் போல நின்றது. நடுவில் காரம் குறைவு. நேரான கிளாசில் அந்த வளையம் காணப்படவில்லை. கிண்ணத்தின் வடிவம் மாறினால் மூக்குக்கு வருவதும் மாறும் என்பதை அந்தப் படங்கள் காட்டின.

மற்றக் கிளாஸ்களுக்கும் தனித்தனி வேலை உண்டு. குட்டையாக, வாய் அகன்று இருப்பது ஐஸ் கட்டி போடுவதற்கு. உயரமாக ஒடுங்கி இருப்பது சோடா கலப்பதற்கு. விரல் உயரச் சிறு கிளாஸ் ஒரே மடக்காக விழுங்குவதற்கு. அதில் வாசனைக்கே வேலை இல்லை.

கண்ணாடி நிறமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். சோப்பு வாசனை போக அலசி, தானாக உலரவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஈயம் கலந்த பளபளப்பான பழைய கண்ணாடிக் குடுவைகள் சில வீடுகளில் அலமாரியில் இருக்கும். அதில் மதுவை மாதக்கணக்கில் ஊற்றி வைத்தால் ஈயம் கரைந்து இறங்கும் என்று 1991-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஈயம் விஷம். அந்தக் குடுவை அழகுக்கு மட்டும் இருக்கட்டும்.

தண்ணீர் கலக்கலாமா?

தண்ணீர் கலந்தால் ருசி போய்விடும் என்று வீம்பு பேசுகிறவர்கள் உண்டு. விஞ்ஞானம் அவர்கள் பக்கம் இல்லை.

2017-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இருவர் கம்ப்யூட்டர் மூலம் இதைக் கணக்கிட்டார்கள். விஸ்கிக்குப் புகை வாசனை தரும் ஒரு பொருள், சாராயம் அதிகமாக இருக்கும்போது உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. தண்ணீர் கலந்தால் மேல்பரப்புக்கு வருகிறது. அதாவது, தண்ணீரால் வாசனை கூடுகிறது, காரம் குறைகிறது.

கண்ணை ஏமாற்றும் கிண்ணம்

இனி வருவது குடும்பத்தார் கவனிக்க வேண்டிய பகுதி.

கிண்ணம் மணத்தை மட்டும் மாற்றவில்லை. குடிக்கும் அளவையும் மாற்றுகிறது.

2012-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சிலருக்கு நேரான கிளாசிலும், சிலருக்கு வளைந்த கிளாசிலும் பீர் கொடுத்துப் பார்த்தார்கள். வளைந்த கிளாஸ்காரர்கள் சுமார் 7 நிமிடத்தில் முடித்தார்கள். நேரான கிளாஸ்காரர்களுக்குச் சுமார் 11 நிமிடம் ஆயிற்று. வளைந்த கிளாசில் பாதி எது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாததே காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

இன்னொரு கணக்கு. இங்கிலாந்தில் 1700-ம் ஆண்டு வாக்கில் ஒயின் கிண்ணம் சுமார் 66 மில்லி பிடித்தது. இப்போது சுமார் 449 மில்லி பிடிக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்ட விவரம் இது. 300 ஆண்டில் கிண்ணம் ஏழு மடங்கு வீங்கிவிட்டது!

நம் வீட்டு எவர்சில்வர் தம்ளரோ இவை எல்லாவற்றையும் விட மோசம். அதில் எவ்வளவு ஊற்றினோம் என்று வெளியே தெரியாது. எதிரே இருக்கிற மனைவிக்கும் தெரியாது. ஊற்றிக்கொண்டவருக்கே தெரியாது.

மறைத்துக் குடிக்கும் பழக்கத்துக்கு நம் ஊரில் ஒரு சரித்திரமும் உண்டு. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 2003-ல் இருந்து அரசாங்கத்தின் டாஸ்மாக் நிறுவனமே கடை நடத்துகிறது. கடை திறந்தும் மறைத்துக் குடிக்கும் பழக்கம் பலரிடம் போகவில்லை. மறைத்துக் குடிக்கிறவர் அவசரமாகக் குடிப்பார். அவசரமாகக் குடிக்கிறவருக்கு மணமும் இல்லை, அளவும் இல்லை.

ஒரு குவார்ட்டர் கணக்கு

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குவார்ட்டர் பாட்டில் என்பது 180 மில்லி. அதில் சாராயம் 42.8 சதவீதம். எடையில் சொன்னால் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம். 30 மில்லி அளவு என்றால் சுமார் 10 கிராம். அந்த 10 கிராமை உடம்பு கரைத்து வெளியேற்றவே சுமார் ஒரு மணி நேரம் ஆகும். 60 கிராமுக்கு எத்தனை மணி நேரம் என்று குழந்தையும் சொல்லிவிடும்.

இரவு 10 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர், விடியற்காலையில் எழுந்து முகம் கழுவியதும் தெளிந்துவிட்டதாக நினைப்பார். ரத்தம் அப்படி நினைக்காது.

வண்டலூரில் இருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை, நெமிலிச்சேரி வழியாகத்தான் போகிறது. அகலமான சாலை, வேகமான வண்டிகள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது சட்டம். முதல் தடவையே 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் கட்டிவிடலாம். போன உயிரை யார் கட்டுவது?

வீட்டில் செய்ய வேண்டியவை

குடிக்காமல் இருப்பதே நல்லது. உடல் நலத்துக்குத் தீங்கு செய்யாத மது அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகளும், கல்லீரல் நோயாளிகளும், மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தொடவே கூடாது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு விற்பதே குற்றம்.

குடிக்கிறவர் வீட்டில் இருந்தால், எவர்சில்வர் தம்ளரை எடுத்து உள்ளே வையுங்கள். சிறிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி போல ஒன்று வைத்து, 30 மில்லியை அளந்து ஊற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். வெறும் வயிறு கூடாது. முகர்ந்து, நிதானமாகக் குடிக்கட்டும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம் ஆனால் அடுத்த கிண்ணத்துக்கு ஆசை குறையும்.

மீதியைத் தண்ணீர் பாட்டிலிலோ, கலர் சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்க வேண்டாம். தாகத்தில் ஓடிவரும் குழந்தை அதை எடுத்துக் குடித்துவிடும். சிறு குழந்தைக்குக் கொஞ்சம் சாராயமே உயிருக்கு ஆபத்து.

அளந்து ஊற்ற மனம் வராதவர், கண்ணாடிக் கிண்ணத்தைக் கண்டால் கோபப்படுகிறவர், ஒரு நாள் கூட நிறுத்த முடியாதவர் என்றால், அவருக்குத் தேவை வேறு கிண்ணம் அல்ல, டாக்டர். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் உண்டு. பல ஆண்டு குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே டாக்டரைக் கேட்டே நிறுத்த வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்குப் போவது போலப் போகலாம். கூட வீட்டில் ஒருவர் போனால் இன்னும் நல்லது.