மூளைப் படங்களைக் கணக்கிடும் கூட்டு முயற்சி

இறைவன் படைப்பில் மூளையைப் போன்ற விந்தை வேறில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். அவ்விந்தையை இன்று மண்டையைத் திறக்காமலே எம்.ஆர்.ஐ. கருவி படமெடுக்கிறது. ஆனால் அது ஸ்டூடியோவில் நாம் எடுத்துக்கொள்ளும் படம் போன்றதன்று. மூளையைச் சர்க்கரைக் கட்டிகளைப் போன்ற நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. படுத்திருப்பவர் சற்று இருமினாலும் கட்டங்கள் இடம் மாறிவிடும். அதைச் சரிசெய்து, பலருடைய தலைகளையும் ஓர் அளவுக்குப் பொருத்திய பிறகே கணக்குத் தொடங்கும். இலண்டனில் உருவான எஸ்.பி.எம்., ஆக்ஸ்போர்டின் எஃப்.எஸ்.எல். முதலிய மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன. ஆய்வாளருக்கு இவை விலையின்றிக் கிடைக்கின்றன.

இதில் ஆபத்தும் உண்டு. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதரின் படங்களைக் காட்டினர். (சிரிக்க வேண்டாம், உண்மையே!) மீனின் மூளை வேலை செய்வதுபோல் சில புள்ளிகள் தோன்றின. பல்லாயிரம் கட்டங்களைச் சோதித்தால் சில தற்செயலாகவே ஒளிரும். அதற்குரிய திருத்தத்தைச் செய்யாவிடில் பொய்யும் மெய்போல் தெரியும்.

மனிதர் விஷயத்திலும் இப்படியே. 108 பேரின் ஒரே படத்தொகுப்பை 70 குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டன. எந்த இரு குழுக்களும் ஒரே வழியில் செல்லவில்லை. சில கேள்விகளுக்கு விடைகளும் மாறின. 2020இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியாயிற்று. நோயாளிக்குரிய மருத்துவமும் ஒருநாள் இத்தகைய கணக்குகளைத்தானே நம்ப வேண்டும்?

ஆகவேதான் படங்களையும், கணக்கிட்ட வழியையும் சேர்த்தே பகிரத் தொடங்கினர். கோப்புகளுக்குப் பெயரிட ‘பிட்ஸ்’ என்னும் பொது முறை 2016இல் வந்தது. பனியன் கம்பெனிக்குச் செல்லும் நம் பெற்றோருக்கு இது எளிதில் விளங்கும். வெட்டிய துணிக்கட்டில் அளவும் எண்ணும் எழுதிய சீட்டு இல்லையேல், தைப்பவர் எந்தக் கையை எந்த உடலோடு சேர்ப்பார்?

நம் மாநிலத்திலும் இப்பணி நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், இறந்த கருச்சிசுக்களின் மூளையை மயிரிழையினும் மெல்லியதாகச் சீவி, 5132 சீவல்களைப் படமெடுத்துள்ளது. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தாயின் துயரம் இருந்திருக்கும். ‘தரணி’ எனப் பெயரிட்டு 2024 டிசம்பரில் அவற்றை வெளியிட்டனர். உலகின் எந்த ஆய்வாளரும், உடுமலையில் கணினி முன் அமரும் மாணவியும், கட்டணமின்றி அவற்றைப் பார்க்கலாம்.