உள்ளே ஓடும் பேச்சு – 9: சோபாவில் படுத்திருந்தவர் சொன்ன பதில்

பிலடெல்பியாவில் ஒரு மனநல மருத்துவரின் அறை. 1950களின் கடைசி. நோயாளி சோபாவில் படுத்திருக்கிறார். டாக்டர் அவர் கண்ணில் படாதபடி தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஃப்ராய்ட் வழி வந்த சிகிச்சையில் அதுதான் முறை. அந்தப் பெண் தன் காதல் விவகாரங்களை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு போகிறார். இப்போது மனசு எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்க, ஒரே படபடப்பாக இருக்கிறது என்கிறார். டாக்டரிடம் விளக்கம் தயாராக இருந்தது: இவ்வளவு அந்தரங்கத்தைக் கொட்டிவிட்டோமே, கேட்பவர் தப்பாக நினைப்பாரோ என்ற பயம்தான் அது.

அந்தப் பெண் மறுத்தார். அது இல்லை டாக்டர், உங்களுக்குப் போரடிக்கிறதோ என்றுதான் கவலை.

அந்த டாக்டர் ஆரோன் பெக். கேட்டதை அவர் சும்மா விடவில்லை. தோண்டத் தோண்டத் தெரிந்தது: ‘நான் ஒரு போர்’ என்ற எண்ணம் அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டுமல்ல, யாரோடு பேசினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மனசில் தோன்றுவதை எல்லாம் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்தச் சிகிச்சையின் முதல் விதி. படுக்கையறை விஷயம் வரை சொன்னவர் இதை மட்டும் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. வெளியே மழை பெய்வதை யாராவது ‘என் அபிப்பிராயம்’ என்று சொல்வார்களா? அவருக்கு அது அப்படி ஒரு நிலவரம்.

மற்ற நோயாளிகளையும் பெக் கேட்டுப் பார்த்தார். எல்லோரிடமும் இப்படி ஒரு இரண்டாவது பேச்சு ஓடியது. சுருக்கமாக, தந்தி பாஷையில், சந்தேகமே இல்லாத தொனியில். ‘தானாக வரும் எண்ணங்கள்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். பின்னாளில் உலகம் முழுக்க ‘சிபிடி’ (காக்னிடிவ் பிஹேவியர் தெரபி) என்று பரவிய சிகிச்சைக்கு முக்கியமான வேர் இதுதான்.

பெக்குக்கு இது புத்தக விஷயம் மட்டும் அல்ல. 1921இல் பிறந்தவர். சின்ன வயதில் கை முறிந்து, சீழ் பிடித்து, உயிருக்கே ஆபத்தாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பள்ளிக்கூடம் போகாததால் அதே வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. ‘நான் மக்கு’ என்று அந்தப் பையன் முடிவு கட்டிக்கொண்டான். பிறகு அண்ணன்மார் உதவியோடு படித்து, சக மாணவர்களையே தாண்டினான். ரத்தத்தைக் கண்டால் வரும் பயத்தையும் அவர் இப்படித்தான் கையாண்டார்: மருத்துவம் படிக்கும்போது அறுவை சிகிச்சை அரங்கில் போய் நின்று, கைவேலையில் கவனத்தை வைத்துப் பழகினார். எண்ணத்தோடு வாக்குவாதம் செய்து ஜெயிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் சோதித்துப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் நம்முடைய தன்னம்பிக்கைப் பேச்சாளர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று தினமும் நூறு முறை சொல் என்பார்கள். மனசு அவ்வளவு ஏமாளி இல்லை. நீங்கள் சொல்லச் சொல்ல, ‘முடியாது’ என்று பக்கத்திலேயே ஒரு குரல் கணக்கு வைத்துக்கொண்டிருக்கும். பெக் ஒரு பொய்யை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு பொய்யை வைக்கச் சொல்லவில்லை. எந்த எண்ணம் வரும் என்பது நம் கையில் இல்லை. வந்ததை ஆதாரம் கேட்காமல் நம்புவதா என்பது நம் கையில் இருக்கிறது. நமக்கு வாய்த்திருக்கும் சுதந்திரம் அந்த அளவுதான், அதுவே நிறைய.

பெக் கையாண்ட கருவி, ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுவது. நம் ஊருக்கு ஏற்ற மாதிரி ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர் நேரில் வருகிறார், மீட்டிங்கில் நீயே பேசு என்று முதலாளி சொல்லிவிட்டார். முதல் கட்டத்தில் அந்தச் சங்கதி. அடுத்ததில் உணர்ச்சி: பயம், நூற்றுக்குத் தொண்ணூறு. மூன்றாவதில் எண்ணம்: ‘எனக்கு இங்கிலீஷ் வராது. வாயைத் திறந்தால் மானம் போய்விடும்.’ இதை எவ்வளவு நம்புகிறாய்? 95. நான்காவது கட்டத்தில்தான் வேலை. ஆதாரம் என்ன? பேசும்போது இலக்கணம் உதைக்கிறது, அது உண்மை; எழுது. எதிர் ஆதாரம்? தினமும் அதே பையருக்கு இங்கிலீஷில் மெயில் போடுகிறான். லேப் டிப்பில், அதாவது சாய மாதிரித் துணியில், ஷேடு மாறியதைப் போன மாதம் வீடியோ காலில் இவன்தான் விளக்கினான், அவருக்குப் புரிந்து ஓகே சொன்னார். இதையும் எழுது. எழுதி முடித்ததும் நம்பிக்கையை மறுபடி அளந்தால் 95 என்பது 60 ஆகியிருக்கும். பூஜ்யம் ஆகாது. அறுபதோடுதான் மீட்டிங்குக்குள் போகவேண்டும். மிச்சம் குறைந்தால் அங்கே பேசிய பிறகுதான் குறையும்.

மனசுக்குள்ளேயே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பார்கள். செய்து பாருங்கள், நழுவும். தலைக்குள் இருக்கும்வரை ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்பது தீர்ப்பு. தாளில் வந்தால் வெறும் மூன்று வார்த்தை.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. எல்லாச் சுவரும் தலைக்குள் இருப்பதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனவரிடம் சாதியை விசாரித்துத் திருப்பி அனுப்பினால், அந்தத் தடை அவருடைய எண்ணத்தில் இல்லை, வீட்டுக்காரரிடம் இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டவரிடம் போய் ‘எண்ணத்தை மாற்று’ என்பது அயோக்கியத்தனம். ஆதாரம் கேட்கும் முறையில் இதற்கும் இடம் உண்டு. கேட்டுப் பார்த்து எண்ணம் சரி என்று தெரிந்தால் சரிதான். அப்புறம் ஆகவேண்டியது வேறு காரியம்.

1977இல் பெக்கின் குழு 41 மனச்சோர்வு நோயாளிகளிடம் இந்தச் சிகிச்சையை இமிப்ரமின் மாத்திரையோடு ஒப்பிட்டு, இது ஒரு படி மேல் என்று அறிவித்தது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. ஏறக்குறைய மருந்துக்குச் சமம் என்பதே பொதுவான முடிவு. தீவிரமான சோர்வில் இருப்பவர் டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

எனக்கு அதிகம் பிடித்தது பெக்கின் கடைசிக்கால வேலை. பல ஆண்டுகளாக ஸ்கிசோஃப்ரினியா நோயோடு முடங்கிக் கிடந்தவர்களை அவர் எடுத்துக்கொண்டார். இவர்களுக்கு எதிலும் நாட்டமே கிடையாது, மூளை அப்படி என்று ஒதுக்கப்பட்டவர்கள். நாட்டம் போனதற்குக் கீழே ‘முயன்றால் தோற்பேன், கொஞ்சம் தோற்றாலும் முழுத் தோல்விதான்’ என்ற நம்பிக்கை இருப்பதைப் பெக்கும் அவருடைய சக ஆய்வாளர் பால் கிராண்டும் கண்டார்கள். 60 பேரிடம் 18 மாதம் நடத்திய அந்த ஆய்வு 2012இல் வந்தபோது பெக்குக்கு வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுடைய அன்றாட வாழ்க்கை மேலாகியிருந்தது.

இந்த வழியில் தாளும் பேனாவும் முதலில் வருவதில்லை. சேர்ந்து ஒரு பாட்டு, சேர்ந்து கொஞ்சம் சமையல், அல்லது ‘இது எனக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கள்’ என்று நோயாளியிடமே ஒரு உதவி. அது நடந்து முடிந்த பிறகுதான் கேள்வி: உன்னால் ஒன்றும் ஆகாது என்றாயே, இப்போது செய்தது யார்?

பெக்கின் காலத்திலேயே, அவருக்குச் சற்று முன்னால், நியூயார்க்கில் இன்னொருவர் இதே பாதையில் நடந்தார். சுபாவத்தில் பெக்குக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் வசவு. பெண்களிடம் பேசப் பயந்த அவர், 19 வயதில் ஒரு பூங்கா பெஞ்சில் போய் உட்கார்ந்து, தனியாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் பேச்சுக் கொடுப்பது என்று தனக்குத்தானே வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டார். நூறு பேரிடம் பேசினார். ஒரே ஒருவர் சந்திக்க வருவதாகச் சொன்னார். அவரும் வரவில்லை. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அந்த மனிதரை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)